தொலைபேசியும் அழைப்புக் காப்பும்

தொலைபேசி வீடுதோறும், ஏன், கைதோறும் வந்துவிட்ட இக்காலத்தே அதனைப்பற்றி ஒரு கட்டுரை எழுதப் புகுவது மிகையென நண்பர் சிலர் எண்ணக்கூடும். ஆயின் யாம் ஈண்டு எழுத விரும்புவது அவரவர் சட்டைப்பையிலுள்ள கைபேசியைப் பற்றியன்று. பலர் கூடிப் பணிபுரியும் ஓர் அலுவலகத்தில், ஊரார் யாவரும் அறிந்த ஓர் எண்ணுக்கு வரும் அழைப்பை ஏற்பவர் யார், அவர் இருக்கையில் இல்லாதபோது ஏற்பவர் யார், எவருமே இல்லாதபோது அழைத்தவர் சொல்லக் கருதியதை எங்ஙனம் வாங்கிவைப்பது என்னும் ஒழுங்கைப் பற்றியே எழுதப் புகுந்தோம். இவ்வொழுங்கைக் கால் கவரேஜ் என்பர். அதன் கடைப்படியாக நிற்பது வாய்ஸ் மெயில். முன்னதை அழைப்புக் காப்பு எனவும் பின்னதைக் குரலஞ்சல் எனவும் இக்கட்டுரையில் வழங்குவோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவார்க்கு விடை பின்னர் வரும்.

எம் ஊர் திருத்தணி. மலைமேல் 365 படிகளும் முருகன் திருக்கோயிலும், மலையடியில் கடைவீதியும், சற்று அப்பால் ஆந்திர நாட்டெல்லையும் உடையது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் வரை இவ்வூர் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, எல்லைத் திருத்தச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. கோடு மாறினும் மக்கள் மாறவில்லை. நகரிப் பக்கத்து நெசவாளர் நூல் வாங்கவும், மருந்து வாங்கவும், மகப்பேறு பார்க்கவும் இன்றும் எம் ஊருக்கு வருவர். கடையில் நிற்பார் பாதிப்பேர் தமிழிற் கேட்டுத் தெலுங்கில் விடை பெறுவர்.

இங்ஙனம் இருபுறத்தாரும் வரும் சிறு மருத்துவ நிலையம் ஒன்று எம் தெருவுக்கு அடுத்த தெருவில் உள்ளது. சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகையன்று காவடி எடுத்து வந்த கூட்டத்தில் வெயிலால் மயங்கி விழுந்தார் பலர். நிலையத்தில் இருந்தவர் அனைவரும், வரவேற்பு மேசையில் இருக்கும் அக்காள் உட்பட, வாசற் பந்தலில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் கைத்தாங்கலாக உள்ளே கொணர்வதுமாக இருந்தனர். அதே வேளையில் எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து நெசவாளர் ஒருவர், மூச்சிரைப்பால் துன்புற்ற தம் தாயாரை அழைத்து வரலாமா, மருத்துவர் இருக்கின்றாரா என்று கேட்பதற்கு நான்கு முறை அழைத்திருக்கின்றார். மணி நான்கு முறையும் யாருமில்லா மேசையின்மேல் அடித்து ஓய்ந்தது. அவர் நிலையம் மூடியிருப்பதாகக் கருதி, அருகிலிருந்த எம் ஊரை விடுத்து, நெடுந்தொலைவிலுள்ள திருப்பதிக்கு அம்மூதாட்டியைக் கொண்டு சென்றார். வழியில் அவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. நல்வினையால் உயிர் பிழைத்தார். புரட்டாசியில் மருந்து வாங்க வந்தபோது அம்மகனார் சினமேதுமின்றி, "நாலு தடவை அடித்தேன் சார், யாரும் எடுக்கவில்லை" என்று மட்டும் சொல்லிச் சென்றார். சினந்திருந்தால் மருத்துவர்க்கு அத்துணை வருத்தம் இருந்திராது போலும்.

அந்நிலையத்தில் நல்லதொரு தொலைபேசிப் பொறி முன்பே இருந்தது என்பதே வியப்பு. அலுவலகத்தார் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று சொல்லும் அப்பெட்டியில் வெளிக்கம்பி 2, உள் எக்ஸ்டென்ஷன் 8. குரலஞ்சல் வசதியும் உள்ளடங்கி இருந்தது. ஆயின் பொருத்தியவர் இரண்டு வெளிக்கம்பிகளும் வரவேற்பு மேசையில் மட்டும் மணி அடிக்குமாறு செய்து, பணம் பெற்றுச் சென்றுவிட்டார். ஏனைய வசதிகள் கையேட்டில் உறங்கின. மருத்துவர், "தம்பி, நீங்கள் இரண்டு பேரும் டிசம்பர் விடுமுறைக்கு வருவீர்கள் அல்லவா? இதை ஒரு வழி பண்ணிக் கொடுங்கள்" என்றார். இருவராவார், மின்னணுவியலில் டிப்ளமோ பயிலும் எம் நண்பரும் யாமும். நண்பர்க்குப் பொறி தெரியும். எமக்குக் கையேடு படிக்கும் பொறுமை உண்டு.

அழைப்புக் காப்பு என்பது புதிய தேவையன்று. கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றது 1876-ஆம் ஆண்டு. 1882-ஆம் ஆண்டளவிற் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அக்காலத்தில் அழைப்பார்க்கும் ஏற்பார்க்கும் இடையே ஒரு மனிதர் அமர்ந்து கம்பியைக் கையாற் சேர்த்துவிடுவார். ஊர் சிறிதாயின் அவர், மருத்துவர் இன்று திருமணத்துக்குப் போயிருக்கின்றார், மாமனார் வீட்டு எண்ணுக்குச் சேர்க்கின்றேன் என்று தாமே சொல்லிவிடுவார். அதனினுஞ் சிறந்த அழைப்புக் காப்பு இன்றுவரை எப்பொறியாலும் இயன்றதில்லை. ஆயின் மனிதர் என்றவிடத்துப் பாரபட்சமும் உண்டு. அமெரிக்க நாட்டுக் கான்சஸ் நகரிற் பிணவடக்கத் தொழில் நடத்திய ஸ்ட்ரோஜர் என்பார், நிலையத்திலிருந்த பெண்மணி தமக்கு வரவேண்டிய அழைப்புக்களைப் போட்டியாளர்க்குச் சேர்த்து வந்தார் என ஐயுற்று, இடையில் ஆளின்றி இணைக்கும் பொறியைக் கண்டார் என ஒரு கதை வழங்குகின்றது. கதை எங்ஙனமாயினும் அவர் 1891-இல் உரிமம் பெற்றது மெய். அன்றுதொட்டு இடையிலிருந்த ஆள் மெல்ல மறைந்தார். அவரோடு யார் எங்கே இருக்கின்றார் என்னும் அறிவும் மறைந்தது. மணி அடிக்குமிடத்தில் ஆளிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. அழைப்புக் காப்பு என்பது மறைந்த அவ்வறிவை எழுதிவைத்துப் பொறிக்குக் கற்பிக்கும் முயற்சியேயாம்.

எழுதி வைப்பது யாதெனின், காப்பு வழி என்னும் ஒரு நிரல். முதலில் இன்ன எக்ஸ்டென்ஷனில் இத்தனை மணி அடிக்க, எடாவிடின் இன்ன இடத்தில் இத்தனை மணி, அங்கும் எடாவிடின் அடுத்தது, ஈற்றில் குரலஞ்சல். இந்நிரலில் உள்ள ஒவ்வோர் இடத்தையும் நிலை என்போம். அவாயா என்னும் அமெரிக்க நிறுவனத்தாரின் பெரும்பொறிகளில் ஒரு வழிக்கு 6 நிலை வரை வைக்கலாம். எம் ஊர்ப் பெட்டி சிறிது. 3 நிலையும் குரலஞ்சலும் அதற்கு எல்லை. இனி, அழைப்பு எப்போது அடுத்த நிலைக்குப் பெயர வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தாலா, மணி அடித்தும் எடாதிருந்தாலா, அங்கிருப்பார் தொல்லை வேண்டாம் என்று பொத்தானை அழுத்தியிருந்தாலா, அன்றி எப்போதுமா என்னும் இவற்றைத் தனித்தனியே தேர்ந்து குறிக்கலாம். வெளியார் அழைப்புக்கு ஒரு முறையும் உள்ளிருப்பார் ஒருவரையொருவர் அழைப்பதற்கு வேறு முறையும் வைக்கலாம். இவ்வேறுபாடு வேண்டுவதே. ஆய்வகத்திலிருந்து மருந்தகத்துக்கு அழைத்தவர் மருந்தாளர் எழுந்து போயிருந்தால் ஒரு நிமிடங் கழித்து மீண்டும் அழைப்பார். அவ்வழைப்பு மாடியிலுள்ள மருத்துவர் வீடு வரை ஏறிச்செல்ல வேண்டியதில்லை.

பொறியிற் கைவைக்குமுன் ஒரு வாரம் குறிப்பேடு வைத்தோம். எடுபடாத அழைப்புக்கள் எந்நேரத்தன என்று எழுதியபோது, காலை 8 மணிக்கு முன்னும், பகலுணவு வேளையிலும், மாலையிற் கூட்டம் மிகும்போதுமே அவை நிகழ்ந்தன எனக் கண்டோம். பின்னர் நிலையத்தார் அனைவரையும் கூட்டி, இரண்டாம் நிலையாக நிற்பவர் யார் என்று கேட்டோம். மெய்யான வேலை அங்கேதான் தொடங்கிற்று. மருந்தகத்தார் மறுத்துவிட்டார். மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் எடுத்தால் கணக்குத் தவறும், கணக்குத் தவறினால் உயிர்க்கு ஊறு என்றார். அது சோம்பலன்று, நேரிய விடை. ஆய்வகத்தார் கையுறையோடு இருப்பவர். செவிலியர் இருவர், எங்களுக்கே நாள் முழுதும் நிற்க நேரமில்லை என்று முதலில் முணுமுணுத்தனர். வரவேற்பு அக்காளோ, மற்றவர்க்கு வழி வைத்தால் தாம் வேலை செய்யவில்லை என்று பொருள்படுமே என வருந்தினார். மருத்துவர் ஒரு மணி நேரம் இருந்து பேசி, பகலில் முதல் நிலை வரவேற்பு, இரண்டாவது செவிலியர் அறை, மூன்றாவது மாடியிலுள்ள தம் இல்லம், கடைசி குரலஞ்சல் என முடிவு செய்தார். இரவிற் பணிச்செவிலி முதலாகவும் மாடி இரண்டாவதாகவும் நிற்பர். செவிலியர்க்கு ஈடாக, ஊசி போடும் வேளையில் அவர்கள் தொல்லை வேண்டாம் பொத்தானை அழுத்திக் கொள்ளலாம் என்றும், அழுத்தினால் அழைப்பு அங்கே நில்லாது உடனே மாடிக்குச் செல்லும் என்றும் ஒப்பந்தமாயிற்று. இவ்வொப்பந்தம் இல்லாமற் பொறியில் எத்தனை எண்ணைத் தட்டினும் பயன் இராது; மணி மூன்றிடத்தில் அடிக்கும், மூன்றிடத்திலும் மற்றவர் எடுப்பார் என்று இருந்துவிடுவர்.

ஒப்பந்தத்தைப் பொறியில் எழுதுவது நண்பர்க்கு அரைமணி வேலை. வரவேற்பில் 4 மணி, செவிலியர் அறையில் 5, மாடியில் 5, பின் குரலஞ்சல். யாம் கடைவீதிக்குச் சென்று அழைத்துப் பார்த்தோம். நெடுநேரம் மணி கேட்டது, பின் தொடர்பு அறுந்தது, குரலஞ்சல் வரவேயில்லை. பத்து முறை முயன்றும் அவ்வாறே. குழப்பம் தீர இரண்டு நாளாயிற்று. காரணம் மிக எளிது. நம் நாட்டுத் தொலைபேசி மணி இரட்டித்து ஒலிப்பது: 0.4 வினாடி ஒலி, 0.2 வினாடி இடைவெளி, மீண்டும் 0.4 வினாடி ஒலி, பின்பு 2 வினாடி அமைதி. ஆக ஒரு சுற்று 3 வினாடி. அமெரிக்க நாட்டிலோ ஒலி 2 வினாடி, அமைதி 4 வினாடி. ஒரு சுற்று 6 வினாடி. பெட்டியைப் பொருத்தியவர் நாடு என்னுமிடத்தில் இந்தியா என்பதைத் தேராமல் விட்டிருந்தார். ஆதலின் யாம் 14 மணி என்று எழுதியது 42 வினாடி என எண்ணி. பெட்டி அதனை 84 வினாடியாகக் கொண்டது. ஒரு தரைவழித் தொலைபேசிக்கு வரும் அழைப்பு எடுபடாதவழி 60 வினாடியும், கைபேசிக்கு வருவது 30 வினாடியும் மணி அடிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2019-ஆம் ஆண்டு நவம்பரில் வகுத்துள்ளது. 84-ஆவது வினாடியில் குரலஞ்சல் காத்திருக்க, 60-ஆவது வினாடியிலேயே வெளியே தொடர்பு வெட்டுண்டது. நாட்டை மாற்றிய அக்கணமே யாவும் சரியாயிற்று. காப்பு வழி எழுதுவோர் மணிகளை எண்ணுவதோடு அமையாது வினாடிகளையுங் கூட்டிப் பார்த்தல் வேண்டும் என்று அன்று கற்றோம்.

அந்நாட்டுப் பழக்கம் இன்னொரு தீங்கும் செய்தது. முதல் நாளிரவு குரலஞ்சற் பெட்டியில் 17 செய்திகள் இருந்தன. ஆவலோடு கேட்டபோது 15 செய்திகளில் ஆள்குரலே இல்லை. விட்டுவிட்டு ஒலிக்கும் எங்கேஜ்டு ஒலி மட்டுமே நிமிடக்கணக்கிற் பதிவாகி இருந்தது. பழைய செப்புக்கம்பி இணைப்பில் அழைத்தவர் வைத்துவிட்டார் என்பதை நிலையம் தனிக்குறியாகத் தெரிவிப்பதில்லை. அவ்வொலியைக் கேட்டுத்தான் பொறி உணரவேண்டும். நம் நாட்டில் அவ்வொலி 400 ஹெர்ட்ஸ், 0.75 வினாடி ஒலித்து 0.75 வினாடி அடங்குவது. பிறநாட்டு ஒலிக்குச் செவி பழகிய பொறி அதனைப் பேச்சென்று கருதி எழுதிக்கொண்டே இருந்தது. இதுவும் நாட்டை மாற்றியதோடு தீர்ந்தது. எனினும் ஒரு செய்திக்கு 2 நிமிடம் என எல்லையும் வைத்தோம். தொலைபேசிக் குரல் வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஓரளவைக்கு ஒரு பைட்டாக எழுதப்படுவது. சுருக்காது வைத்தால் ஒரு நிமிடப் பேச்சு 4,80,000 பைட் இடங்கொள்ளும். இக்காலத்து அஃது ஒரு பொருட்டன்று. ஆயின் 20 நிமிடப் புலம்பலைப் பொறுமையோடு கேட்கவேண்டியவர் மனிதர் அன்றோ?

கைபேசியை ஒரு நிலையாக வைக்கலாமே என்பார் பலர். யாமும் இரவு வழியில் மருத்துவரின் கைபேசியை மூன்றாம் நிலையாக வைத்தோம். மறுநாள் காலை வரவேற்பு அக்காளின் கணவர் ஒரு குறை சொன்னார். இரவில் அழைத்தபோது, தாங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கின்றார் என்று ஒரு பெண்குரல் சொல்லி முடித்துவிட்டதாம், குரலஞ்சல் கேட்கவில்லையாம். பெட்டி கைபேசியை வெளிக்கம்பி வழியே அழைக்கின்றது. அங்கே ஒரு குரல் கேட்டால், அது மருத்துவரா, கைபேசி நிறுவனத்தாரின் அறிவிப்பா என்று அச்செப்புக்கம்பியால் அதற்குத் தெரிவதில்லை. அழைப்பு ஏற்கப்பட்டது எனக் கொண்டு தன் கடமை முடிந்ததாக ஒதுங்கிவிடுகின்றது. ஏற்பவர் 1 என்னும் எண்ணை அழுத்தினாலன்றிச் சேர்க்காத பொறிகளும் உள. எம் பெட்டிக்கு அத்திறம் இல்லை. ஆதலின் வழியைத் திருப்பிவிட்டோம். இரவழைப்பு பணிச்செவிலி, மாடி, குரலஞ்சல் என்றே செல்லும். குரலஞ்சலில் ஒரு செய்தி விழுந்தவுடன் பெட்டி தானே மருத்துவரின் கைபேசிக்கு அழைக்கும். அவர் எடுத்துத் தம் மறையெண்ணை அழுத்தும் வரை கால்மணிக்கொருமுறை மீண்டும் மீண்டும் அழைக்கும். தூங்கும் மருத்துவரை இவ்வாறு வாட்டலாமா என்று நண்பர் ஐயுற்றார். அவரே வேண்டிக் கொண்டதனால் யாம் ஒன்றும் சொல்லவில்லை.

மறையெண்ணைப் பற்றி ஒரு சொல். பெட்டியோடு வந்தது 1234. பலவிடத்தும் அதுவே இறுதிவரை இருக்கும், அன்றேல் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். நோயாளர் தம் வீட்டாருக்கும் சொல்லாத நோயைக் குரலஞ்சலிற் சொல்லுவர். அஃது எவரும் கேட்கும் பாட்டன்று. மேலும் மறையெண் எளிதாயின் அயலார் குரலஞ்சல் வழியே உள்நுழைந்து, நிலையத்தின் கம்பியிலேயே அயல்நாட்டுக்குப் பேசிச் செல்லும் களவும் உலகில் உண்டு. எண்ணை மாற்றி, வெளிநாட்டழைப்பைப் பூட்டிவைத்தோம்.

இனி எம் பங்குக்கு வருவோம். குரலஞ்சலுக்கு ஒரு முன்னுரை வேண்டும். மணி எடுபடாதபோது அழைத்தார்க்கு அது பேசும். தமிழ் ஆனர்சு மாணவர் இருக்க வேறு யார் எழுதுவது என்று எம்மிடம் ஒப்புவித்தனர். யாம் ஓரிரவு விழித்து எழுதினோம். நிலையத்தார் யாவரும் பணியில் மூழ்கியுள்ளமையின் தங்கள் அழைப்பை ஏற்க இயலாமைக்குப் பெரிதும் வருந்துகின்றனர் என்று தொடங்கி, தங்கள் திருப்பெயரும் இருப்பிடமும் கூறியருள்க என்று முடியும் அவ்வுரை 40 வினாடி ஓடிற்று. எமக்கே அது மிக அழகாகத் தோன்றியது. முதன்முதல் அதனைக் கேட்டவர் எம் தெருப் பாட்டி ஒருவர். அவர் இடையில் இருமுறை, "நீ பேசி முடி சாமி, அப்புறம் நான் சொல்றேன்" என்று மறுமொழி தந்து, உரை முடிந்து பீப் ஒலி வந்தவுடன் அஞ்சிப் போனை வைத்துவிட்டார். பின் நேரில் வந்து, "யாரோ கோயில் ஐயர் பேசினாரே, யார் அது?" என்று அக்காளைக் கேட்டாராம்.

அதன்பின் எழுதியது வருமாறு: "இது டாக்டர் கிளினிக். இப்போது யாரும் போன் எடுக்க முடியவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே வைத்துவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். மற்றதற்கு, பீப் சத்தம் வந்ததும் பேர், ஊர், போன் நம்பர் சொல்லுங்கள். அரைமணியில் நாங்களே கூப்பிடுகிறோம்." இவ்வளவே. இதில் 108 என்பது எல்லையின் இருபுறமும் பொருந்தும். அவசர ஊர்திக்கு அவ்வெண் ஆந்திரத்தில் 2005-இலும் தமிழ்நாட்டில் 2008-இலும் வந்தது. உரையைத் தமிழில் அக்காளும், அதனையே தெலுங்கில், அதனைத் தாய்மொழியாகவுடைய செவிலி ஒருவரும் பேசிப் பதிந்தனர். தமிழுக்கு 1, தெலுங்குக்கு 2 அழுத்துக என்று வைக்கலாம் என நண்பர் சொன்னார். மூச்சுத் திணறும் தாயை மடியில் வைத்திருப்பவர் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பாரா என்று மருத்துவர் கேட்க, அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. எந்த மொழி முதலில் என்பதில் மட்டும் சிறு வழக்கு எழுந்தது. குறிப்பேட்டை எண்ணிப் பார்த்ததிற் பகலிற் பெரும்பாலார் தமிழர், இரவில் எல்லைக்கு அப்பாலார் மிகுதி எனத் தெரிந்தது. அதற்கேற்பப் பகலுக்கொன்றும் இரவுக்கொன்றுமாக இரண்டு முன்னுரைகள் வைக்கப்பட்டன.

குரலஞ்சல் மேனாட்டார் அலுவலகத்துக்கே உரியது, நம் மக்கள் பொறியோடு பேசமாட்டார் என்று சிலர் கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். கோர்டன் மாத்யூஸ் என்பார் அதற்கு 1979-இல் உரிமம் வேண்டி 1983-இற் பெற்றது அமெரிக்க நாட்டில்தான். நம் நாட்டில் 1992-இலேயே தனியார் அதனை நடத்த அரசு இசைந்தது. எடுக்காமல் மணியடித்து வைத்துவிடும் மிஸ்டு கால் நமக்கு இலவசமாகக் கிட்டியமையால் அஃது இங்கே வேரூன்றவில்லை என்பதும் ஓரளவு மெய். எனினும் உழவர்க்கென நடுவணரசு 2004-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் தொடங்கிய கிசான் கால் சென்டரைப் பாருங்கள். 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை உழவரின் மொழியிலேயே விடை தரப்படுகின்றது. முதலில் எடுப்பவர் வேளாண்மை பயின்ற ஒருவர். அவர்க்கு விடை தெரியாவிடின் அழைப்பு மேல்நிலை வல்லுநரோடு இணைக்கப்படும். கம்பிகள் யாவும் நிறைந்திருந்தாலும், பணிநேரம் அல்லாதபோதும், உழவர் கேட்க விரும்பியதைக் குரலஞ்சலிற் சொல்லிவைக்கலாம். பின்னர் அவர்க்கு மீள அழைப்பர். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்புக் கொல்லையிலிருந்து இருட்டில் ஒருவர் பொறியோடு பேசக்கூடுமாயின், எம் தெருப் பாட்டியும் பேசுவார் என்றே நம்பினோம். பேசினார்.

டிசம்பர் 31-ஆம் நாளிரவு எம் ஊரிற் படித்திருவிழா. 365 படிக்கும் பூசை செய்து பாடிக்கொண்டே ஏறுங் கூட்டத்தால் மலையடியில் நடக்க இடமிராது. ஆடிக் கிருத்திகைக்குப் பின் அத்தகைய கூட்டம் அன்றுதான். மருத்துவர் ஒருவித அச்சத்தோடே இருந்தார். யாமும் நண்பரும் நிலையத்திலேயே தங்கினோம். மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை வந்த 31 அழைப்பில் 22 முதல் நிலையிலும், 6 இரண்டாம் நிலையிலும் ஏற்கப்பட்டன. மூன்று குரலஞ்சலுக்குச் சென்றன. அம்மூன்றில் ஒன்று வெற்றொலி. ஒன்று திங்கட்கிழமை மருத்துவர் இருப்பாரா என்பது. மூன்றாவது தெலுங்கிற் பேசிய பெண்குரல்; இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலில் உடல் வெட்டி இழுக்கின்றது என்று ஊரும் எண்ணும் சொல்லியிருந்தார். பெட்டி மருத்துவர் கைபேசியை அழைக்க, அவர் பந்தலிலிருந்தபடியே கேட்டு, செய்தி விழுந்த ஒன்பதாம் நிமிடம் அவ்வெண்ணுக்குப் பேசினார். முன்னுரையைக் கேட்டு அவ்வம்மையார் முன்பே 108-க்கும் சொல்லியிருந்தார், ஊர்தி வந்துகொண்டிருந்தது. அது வரும்வரை குழந்தையைப் பக்கவாட்டிற் படுக்கவைக்கவும், வாயில் எதனையும் இடாதிருக்கவும் மருத்துவர் தொலைபேசியிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது வரவேற்பு மேசையில் நீளக் கணக்கேடு ஒன்று இருக்கின்றது. காலை 7 மணிக்கும் பகல் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் குரலஞ்சலைக் கேட்பவர் அதில் எழுதவேண்டும்: செய்தி வந்த நேரம், யார் கேட்டார், மீள அழைத்த நேரம். மூன்றாம் பத்தி வெறுமையாக இருந்தால் மருத்துவர் சிவப்பு மையிற் சுழித்துவிடுவார். பொங்கல் விடுமுறையில் யாம் சென்று புரட்டியபோது சிவப்புச் சுழி நான்கு இருந்தன. நான்கும் பகலுணவு வேளையில் விழுந்தவை. அவ்வேளைக்கு மட்டும் மருந்தகத்தாரை ஒரு நிலையாக வைக்கலாமா என்று மீண்டும் கேட்டிருக்கின்றார்கள். மாத்திரை எண்ணாத வேளை அதுவாதலின் அவர் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.